சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை

அன்புள்ள சார்,

ரோபோக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், "தான் எங்கே இருக்கிறோம் என்பதையே ரோபோ சந்தேகப்பட வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. லேபில் கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடும் லைன் ஃபாலோயர் வண்டி செய்கிறோம். சந்தேகப்பட்டுக்கொண்டே நின்றால் வேலை எப்போது நடக்கும்? நல்ல சென்சாராக வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடாதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டி ஓடும்போதே அதைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். சக்கரம் அந்தரத்தில் சுற்றும். சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணும் சென்சாரான என்கோடர் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். மூன்று மீட்டர் வந்துவிட்டதாக வண்டி நம்பும். என்கோடரில் ஒரு பழுதும் கிடையாது. சக்கரம் சுற்றியதைச் சரியாகத்தான் சொல்கிறது.

இது செவ்வாய்க் கிரகத்திலேயே நடந்திருக்கிறது. 2005 ஏப்ரல் 26 அன்று நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி என்ற ரோபோ வண்டி ஒரு மணல் திட்டில் ஏறியது. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அவ்வளவுதான். சிக்னல் போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும் என்பதால் அன்றைய ஓட்டத்துக்கான கட்டளைகளை மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். வண்டியும் சொன்ன சொல் தட்டாமல் சுற்றிச் சுற்றியே புதைந்தது. வெளியே எடுக்க ஐந்து வாரத்துக்கு மேல் பிடித்தது. 192 மீட்டர் ஓடும் அளவுக்குச் சக்கரம் சுற்றிய பிறகுதான் வண்டி ஒரு மீட்டர் நகர்ந்தது. அந்தத் திட்டுக்குப் பர்கட்டரி என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்பார்களே, மோட்சத்துக்கு முன் ஆன்மா பாவம் தீரக் காத்திருக்கும் இடம், அதுதான்.

கேமரா இல்லாமல் இல்லை. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, உண்மையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று பார்க்கும் மென்பொருளும் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன புராசஸரில் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் நிமிடக்கணக்கில் ஆகும். சமவெளிதானே என்று அன்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு நடுநடுவே நின்று, வழுக்குகிறதா என்று பார்ப்பதும் ஓட்டத்தில் சேர்ந்தது.

நின்று பார்த்தால் ஒரு அங்குலம்கூட முன்னேற முடியாது. இருந்தும் திட்டத்தில் அதற்கு ஒரு இடமும் ஒரு விலையும் உண்டு. பார்க்கச் செலவாகும் மூன்று நிமிடமா, புதைந்தால் போகும் ஐந்து வாரமா? உங்கள் பாடத்தில் பிஓஎம்டிபி (POMDP) என்று வருமே, நிலைமை முழுசாகத் தெரியாதபோது முடிவெடுக்கும் முறை, அது போடுவது இந்தக் கணக்கைத்தான். 'இங்கே இருக்க 70 சதவீத வாய்ப்பு, அங்கே இருக்க 30' என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஒத்துவரும் அடியாகப் பார்த்து எடுத்து வைப்பது. அச்சுப் பிசகாமல் தீர்க்கப் போனால் கணினிக்கு மூச்சு முட்டும். அதனால் தோராயமாகத்தான் தீர்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது மினர்வா. 1998இல் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டிய ரோபோ. பெரிய கூடத்தின் நடுவே போனால் சுற்றிலும் ஆட்கள். சுவர் எவ்வளவு தூரம் என்று அளந்து இடம் கண்டுபிடிக்கும் லேசருக்குப் பிடிமானமே கிடைக்காது. அதை உருவாக்கியவர்கள் சுவரோரமாகச் சுற்றிப் போகும்படி வழித்திட்டம் எழுதினார்கள். தூரம் கூடும், ஆனால் வழி தவறாது. ராத்திரி கரன்ட் போனால் மெழுகுவத்தி தேடி ஹாலுக்குக் குறுக்கேயா நடக்கிறோம்? சுவரைத் தடவிக்கொண்டுதானே போகிறோம்!

உங்கள் வண்டிக்கு வருவோம். தரையில் மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு ஒட்டுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் என்கோடர் என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸில் ஒரு தடவை, ஜமக்காளத்தில் ஒரு தடவை. எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறது என்று எழுதுங்கள். எத்தனை மீட்டருக்கு ஒருமுறை நின்று பார்க்கலாம் என்பதை அதை வைத்துப் பேசுவோம்.