ஆறு வெல் மஞ்சளானால்…

ஐயா,

எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி கடைசி வருடம் படிக்கிறேன். வைரஸ் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்த சென்னை டாக்டர் நிர்மலாவைப் பற்றிப் படித்தேன். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே சோதனைத் தட்டில் ஆறு வெல் (சிறு குழி) மஞ்சளாகி "பாசிட்டிவ்" என்று காட்டியது, சரித்திரத்தில் இடம்பிடித்துவிட்டார். ஒருவகையில் அதிர்ஷ்டம்தானே? பிஎஸ்எல்-4 (உச்சப் பாதுகாப்பு) லேப் இல்லாத ஊரில் நான் என்ன செய்வது? வெளிநாடுதான் வழியா? சம்பளம் கிடைக்குமா? வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள்.

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

பி.எட். பேச்சை வீட்டில் நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) தேறினால் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்) பார்க்க பிஎஸ்எல்-4 வேண்டாம், பிஎஸ்எல்-2 போதும்.

ஆனால் "அதிர்ஷ்டம்" என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட முடியாது. "பாசிட்டிவ்" என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் பற்றி எழுத வேண்டுமென்று சில நாட்களாகவே நினைத்திருந்தேன். ஆராய்ச்சி படிக்கும் நீங்களே அப்படி நினைக்கலாமா?

அந்த ஆறு வெல்லுக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா. பாலியல் தொழிலாளர்களான பெண்களிடம் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேர்க்கவே மூன்று மாதம் ஆனது. கையுறை இல்லாததை வீரமாக எண்ண வேண்டாம், அது அன்றைய இல்லாமை. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை. இன்று நெறிமுறைக் குழு அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒழுங்காகப் பிரித்திருந்தால் 2 முதல் 8 டிகிரியில் ஆன்டிபாடி சில நாள் தாங்கும். காரியம் பிரிப்பதில்தான் இருக்கிறது. 5 மில்லி ரத்தத்தை அரை மணி நேரம் அசையாமல் உறைய விட வேண்டும். அவசரப்பட்டு முன்பே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) நூல் மிதக்கும். அது பிப்பெட் நுனியை அடைக்கும், வெல்லில் ஒட்டி வெறுமனே நிறம் காட்டும். 1,500 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 1,500 மடங்கு விசையில்) பத்து நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் சிவப்பணுவும் சேர்ந்து வரும். பிறகு லேபிள். ஐஸ் பெட்டியில் தண்ணீர் கசிந்தால் பேனா மை கரையும், ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் அழியும். பென்சில் எழுத்து நிற்கும். எண் மாறிப்போன டியூபை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

1986 பிப்ரவரி, வேலூர் சி.எம்.சி. எச்.ஐ.வி. என்ற பெயரே அந்த ஆண்டு மே மாதம்தான் வந்தது. நண்பகலில் மின்வெட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆறு மஞ்சள். உங்கள் கதை இங்கே முடிகிறது. அவர்களுக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்கியது.

ஏன் சந்தேகம்? கணக்கு போடுங்கள். தொற்றில்லாத நூறு பேரில் ஒருவரைத் தவறாக "உண்டு" என்று சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. நல்ல சோதனைதான். ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று என்றால், அந்த ஒருவரோடு தொற்றில்லாத பத்துப் பேரும் மஞ்சளாவார்கள்.

இப்படி மஞ்சள் காட்டிய அந்த ஆன்டிபாடி சோதனைக்குப் பெயர் எலைசா. அந்தக் கால எலைசாவில் இன்னொரு வில்லங்கம். தட்டில் பூசிய வைரஸ் மனித டி செல்லில் (ஒருவகை வெள்ளையணு) வளர்த்தது. அந்த செல்லின் எச்.எல்.ஏ. (ஆளுக்கு ஆள் மாறும் செல் அடையாளம்) புரதமும் கூடவே ஒட்டிவரும். பல பிரசவம் கண்ட பெண்ணின் ரத்தத்தில் பிள்ளையின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாம். அது போய்த் தட்டில் பிடித்துக்கொண்டால் வைரஸே இல்லாமல் வெல் மஞ்சளாகும். சோதித்தது பெண்களின் ரத்தம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதனால்தான் அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டியூப் மாறியதா என்ற கேள்விக்கு அது பதில். பிறகு அமெரிக்காவுக்கு மாதிரி போனது, வெஸ்டர்ன் பிளாட்டுக்கு. அதில் வைரஸின் புரதங்கள் எடைவாரியாகப் பிரிந்து பட்டையில் நிற்கும். பி24, ஜிபி41, ஜிபி120 என்று எந்தக் கோட்டில் ஆன்டிபாடி பிடித்தது என்பது கண்ணுக்குத் தெரியும். பி24 மட்டும் தெரிந்தால் தீர்ப்பு சொல்லக் கூடாது. அங்கும் உறுதியான பிறகுதான் அது கண்டுபிடிப்பு. இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

அதன்பின் நிர்மலா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்புக்குப் போய், 2010-ல் ஓய்வுபெற்றார்.

வெளிநாடு பற்றிக் கேட்டீர்கள். உங்கள் துறையில் காலாவதியான எலைசா கிட் ஏதாவது மூலையில் கிடக்கும், கேட்டு வாங்குங்கள். ஒரே சீரத்தை எட்டு வெல்லில் போடுங்கள். ஒவ்வொரு கழுவலிலும் வெல் விளிம்புவரை நிரம்ப வேண்டும். ஐந்து முறை கழுவி, தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாளில் தட்டி ஈரத்தை எடுங்கள். எட்டு அளவில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் கோளாறு உங்கள் பிப்பெட் கையில், அல்லது கழுவலில். ஓரத்து வெல்கள் மட்டும் கூடக் காட்டினால் இன்குபேட்டரில் தட்டை மூடாமல் வைத்திருக்கலாம். அந்த எட்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள், வெளிநாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.