சப்தரிஷி மண்டலம் வேண்டாம், நிலாவைக் காட்டுங்கள்

உங்கள் கதையில், 5 கோடி ஆண்டு கழித்து ஒரு பாழ்கிரகத்தில் இறங்கும் பயணிகள் சப்தரிஷி மண்டலத்தைப் பார்த்து "இது நம்ம பூமி" என்று கண்டுபிடிக்கிறார்கள். அது முடியாது. அதற்குள் அந்த வடிவமே கலைந்துபோயிருக்கும். நிலாவை வைத்துக் கண்டுபிடிக்க வையுங்கள்.

நம் ஆயுளுக்குள் இடம் மாறுவது தெரியாததால்தான் விண்மீன்கள் நிலையானவை என்று தோன்றுகிறது. வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஆண்டை 90,000 என்று மாற்றிப் பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களில் நடுவிலுள்ள ஐந்தும் சேர்ந்தே நகரும், இரு ஓரத்து விண்மீன்களும் வேறு பக்கம் போகும். அதற்கே வடிவம் கோணலாகிவிடும்.

நிலா அப்படியில்லை. ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது, சரி. 5 கோடி ஆண்டில் சுமார் 1,900 கி.மீ.தான். 3,84,400 கி.மீ. தூரத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதன் கறைகள் எரிமலைக் குழம்பு உறைந்தவை, பெரும்பாலும் 300 கோடி ஆண்டுக்கு முந்தியவை. நாம் பார்க்கும் அதே முயல் அப்படியே இருக்கும். தென்கோடியில் இறக்கினால் மட்டும் தலைகீழாகத் தெரியும். அடையாளம் காணக் கொஞ்சம் நேரமாகும், கதைக்கு அது நல்லதுதான்.

அப்புறம், செடிகொடியே இல்லாத பூமியில் ஆக்ஸிஜன் அத்தனை காலம் தங்காது, பாறைகளே உறிஞ்சிவிடும். தலைக்கவசத்தைக் கழற்றி மூச்சிழுக்கும் காட்சியை எடுத்துவிடுங்கள்.