பங்குனி, சித்திரையில் பண்ணையமும் குடும்பமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, பங்குனி, சித்திரை மாதங்களில் தோட்டத்து வேலையும் வீட்டு வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவதைப் பற்றியவை. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் உள்ளது. கட்டுத்தரையில் மூன்று கலப்பினப் பசுக்கள், நான்கு வெள்ளாடுகள், பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். சென்ற பங்குனியில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு (திருவிழாத் தொடக்கம்), இரண்டு மாடுகள் கன்று ஈன்றது, புளி உலுக்கியது எல்லாம் இரண்டே வாரங்களுக்குள் வந்தன. காலை நாலரைக்கு எழுந்து இரவு பதினொரு மணிக்குப் படுத்தும் எதுவும் முடிந்தபாடில்லை. கடைசியில் மகளிடம்தான் எரிந்து விழுந்தேன். நேரத்தைப் பங்கிட ஓர் அட்டவணை போட்டுத் தருவீர்களா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: அட்டவணை போட்டுத் தரலாம், சகோதரி. ஆனால் நாலரைக்கு எழும் தங்களை நான்கு மணிக்கு எழுப்புவதைத் தவிர அதனால் வேறு பயன் இராது. தாங்கள் எழுதியுள்ள வேலைகளில் தேர்வு நாளைக் கல்வித்துறை குறிக்கிறது. பூச்சாட்டு நாளை ஊர் கூடிக் குறிக்கிறது. புளி எப்போது பழுக்கும் என்பது மரத்தின் விருப்பம். மாடு கன்று ஈனும் நாள் ஒன்றுதான் தங்கள் வீட்டில் முடிவானது. அதுவும் முந்தைய ஆனி மாதத்தில், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட ஆளை அழைத்த அன்றே முடிவாகிவிட்டது.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஜூலை முதல் தேதி ஊசி போட்டால் ஏப்ரல் 7-ஐ ஒட்டிக் கன்று விழும். அதாவது தேர்வும் திருவிழாவும் நடக்கும் அதே பங்குனிக் கடைசியில். அதே மாட்டுக்கு செப்டம்பர் 2-ஐ ஒட்டி ஊசி போட்டிருந்தால் ஜூன் இரண்டாம் வாரத்தில் ஈன்றிருக்கும். பசு 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு (சினை பிடிக்கும் நிலைக்கு) வரும் என்பதால், ஆனி, ஆடியில் மூன்று பருவங்களை விட்டுப் பிடித்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவைத்து மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஜூனில் ஈனப்போகும் மாட்டுக்கு அந்த ஓய்வு ஏப்ரல், மே மாதங்களில் வரும். வேலை நெரிசல் மிகுந்த அந்த நாட்களில் அந்த மாட்டிடம் கறவை இல்லை, பிறந்த கன்று இல்லை. தீவனமும் தண்ணீரும் வைத்தால் போதும். கலப்பின மாடுகள் கோடை வெயிலில் ஈன்று படும் அவதியும் குறையும்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மூன்று பருவங்களைத் தள்ளினால் ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையிலுள்ள காலம் ஒன்பது வாரம் நீளும். ஏப்ரல், மே மாதங்களில் பால் பணமும் குறையும். ஆகவே மூன்று மாடுகளையும் ஒரே நேரத்தில் வற்றவைக்க வேண்டாம். ஒன்றாவது கறவையில் இருக்கட்டும். ஊசி போட்டும் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாடு இருந்தால் அதற்கு இந்தக் கணக்கே வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வந்த பருவத்தைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் ஏன் மாட்டையே முதலில் பிடித்துக்கொண்டேன் என்றால், கன்று ஈனும் இரவு வேறு எந்த வேலைக்கும் இடம் தராது. ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடித்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு நஞ்சுக்கொடி விழுகிறதா என்று காத்திருக்க வேண்டும். அரை நாள் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரைத் தேடி ஓட வேண்டும். மறுநாள் காலை கணக்குத் தேர்வு எழுதப் போகும் பெண், அம்மா எந்நேரமும் கட்டுத்தரையில் நிற்கும் அந்த வீட்டில்தான் படுத்துத் தூங்குகிறாள்.

அடுத்தது தண்ணீர். நேரத்தை வாளி வாளியாக வாரிக்கொண்டு போவது இதுதான் என்பது என் எண்ணம். நல்ல கறவையில் உள்ள ஒரு கலப்பின மாடு கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டர் வரை குடிக்கும். மூன்றுக்கும் 240 லிட்டர் என்றால், 15 லிட்டர் வாளியில் 16 நடை. கட்டுத்தரையை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, முனையில் மிதவை வால்வு ஒன்றை மாட்டிவிடுங்கள்; மாடு குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தானாக நிரம்பும். இதைப் பங்குனி பிறந்த பிறகு தொடங்காமல் தையிலேயே முடித்துவிட வேண்டும். திருவிழாச் சமயத்தில் கொத்தனாரும் கிடைக்க மாட்டார், குழாய் வேலை செய்பவரும் கிடைக்க மாட்டார்.

கோழி சிறிய விஷயம்தான். பங்குனி நடுவில் அடை வைத்தால் 21 நாளில், சித்திரைப் பிறப்பை ஒட்டிக் குஞ்சு பொரிக்கும். காக்கையும் கீரியும் தின்றது போக மிஞ்சியதை வெயில் பார்த்துக்கொள்ளும். அடை வைப்பதைத் தை மாதத்தோடு நிறுத்திக்கொண்டு, பங்குனி முட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தேர்வு எழுதுகிறவளுக்கு இரண்டாகக் கொடுங்கள்.

புளியைப் பற்றி என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு வருடம், "திருவிழா முடியட்டும், பிறகு தட்டிக்கொள்ளலாம்" என்று உலுக்கிய புளியை ஓட்டோடு சாக்கில் கட்டித் தாழ்வாரத்தில் வைத்திருந்தேன். சித்திரையில் ஒரு நாள் மாலை காற்றோடு அடித்த கோடை மழையில் சாரல் உள்ளே வந்து இரண்டு சாக்குகள் நனைந்தன. நான்கு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது பழம் கருத்து, பிசுபிசுத்து, பூஞ்சை வாடை அடித்தது. அதன் பிறகு, உலுக்கியவுடன் ஓட்டை மட்டும் நீக்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவது என்று பழக்கிக்கொண்டேன். நார் உரித்துக் கொட்டை தட்டும் வேலை வைகாசி வரை கூடக் காத்திருக்கும். அதற்குச் சுத்தியல் பிடித்த கையும், கேட்பதற்கு ஒரு கதையும் போதும். வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, கட்டையின்மேல் வைத்து ஒரே தட்டில் கொட்டையைத் தெறிக்க விடுவதை நம்மால் செய்ய முடியாது. முடிந்தவுடன் கல் உப்புப் போட்டு மண்பானையில் அமுக்கிவிட்டால் அடுத்த வருடம் வரை கவலையில்லை.

மகளிடம் எரிந்து விழுந்ததை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாடுகள் ஈன்ற வாரத்தில் அது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். காரணத்தை அவளிடம் ஒரு முறை சொல்லிவிடுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது புரியும்.

கேள்வி: என் மனைவி பள்ளி ஆசிரியை, தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கோடை விடுமுறையில் எங்கள் மகன்கள் இருவருக்கும் (வயது 12, 9) தோட்டத்தில் வேலை கொடுக்க விரும்புகிறேன். "படிக்கிற பிள்ளைகளை வெயிலில் காயப் போடாதே" என்று என் அம்மா தடுக்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வெயிலைப் பொறுத்தவரை தங்கள் அம்மா சொல்வது சரி, தம்பி, மற்றபடி தாங்கள் சொல்வது சரி. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்பும் மட்டும் வேலை என்று வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் பிள்ளைகள் தம் குடும்பத்துக்கு ஆபத்தில்லாத வேலைகளில் உதவுவதை அனுமதிக்கிறது. ஆபத்தில்லாத என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தின் பக்கம் இருவரும் போகக் கூடாது. மருந்து தெளிக்கும் நாளில் அவர்கள் வீட்டோடு இருக்க வேண்டும். மோட்டார் பெட்டியைத் தொடக் கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால், பிள்ளைகளுக்கு வேலை சொல்வதற்கு முன் அதைச் சுற்றி வேலி போடும் வேலையைத் தாங்கள் முடித்துவிடுங்கள்.

பெரியவனுக்கு முழுப் பொறுப்பாக ஒன்றைக் கொடுங்கள்: சொட்டுநீர்க் குழாய்களில் எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று தினமும் ஒரு வரிசையாகப் பார்த்து வருவது பன்னிரண்டு வயதுக்கு ஏற்ற வேலை. சின்னவன் முட்டை பொறுக்கி எண்ணிக்கையைச் சுவர் நாட்காட்டியில் எழுதி வரலாம். ஒரு நாள் அவன் மறந்துவிட்டால் தாங்கள் போய்ப் பொறுக்காதீர்கள். அது அவனுடைய வேலையாகவே இருக்கட்டும். வாடிய இளஞ்சோளப் பயிர் பக்கம் ஆட்டை ஓட்டக் கூடாது என்பதையும், அதில் உள்ள நஞ்சு ஆட்டைக் கொன்றுவிடும் என்பதையும் காரணத்தோடு சொல்லிக் கொடுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை எதிர் தோட்டத்து ஆட்டையும் சேர்த்து விரட்டிக் காப்பாற்றும்.

கேள்வி: முன்பெல்லாம் பங்குனி வெயிலில் கூழ் வடகம், மோர் மிளகாய், சுண்டை வற்றல், மாவடு எல்லாம் போடுவேன். இப்போது மாடும் தோட்டமும் சேர்ந்துகொண்டதால் முடியவில்லை. கடையில் வாங்கினால் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.
– ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: வாங்குங்கள். முகம் வைகாசியில் சரியாகிவிடும். மாமியாருக்கு எது மிகவும் பிடிக்குமோ அதை மட்டும் வீட்டில் போடுங்கள். அது மோர் மிளகாயாக இருந்தால் தங்கள் அதிர்ஷ்டம், ஏனென்றால் இரவில் மோரில் ஊறுவதும் பகலில் வெயிலில் காய்வதும் தானாகவே நடக்கும். கூழ் வடகமாக இருந்தால், விடியுமுன் கூழ் கிண்டுவதைத் தாங்கள் செய்யுங்கள். துணியில் ஊற்றுவதையும் காக்கை விரட்டுவதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. தோட்டத்தில் நாங்கள் இருவர்தான். இரண்டு மாடுகள் உள்ளன. பெங்களூரில் இருக்கும் மகன், மகள் குடும்பங்கள் மே மாதம் முழுவதும் இங்கே வந்து தங்குகின்றன. பேரப்பிள்ளைகள் வருவது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் இந்த முறை, "அவர்கள் ஏன் வருகிறார்கள் என்றிருக்கிறது" என்று என் மனைவி சொன்னது என்னை மிகவும் வருத்திவிட்டது. பாசம் குறைந்துவிட்டதா?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: ஐயா, பாசம் குறையவில்லை, முதுகு வலிக்கிறது. எட்டுப் பத்துப் பேருக்கு மூன்று வேளை சமைத்து, இடையில் இரண்டு வேளை கறவையும் பார்க்கும் 61 வயதுப் பெண்மணி அதை வேறு எப்படிச் சொல்வார்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் அந்த 299-இல் சேராது, அவை வேறு தலைப்பில் வருபவை. தங்கள் வீட்டு மே மாதத்தை இந்தக் கணக்கோடு ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

செய்யக்கூடியவை மூன்று தோன்றுகின்றன. விருந்தினர் இருக்கும் மாதம் முழுவதும் காலைக் கறவையும் கட்டுத்தரை கூட்டுவதும் தங்களுடையதாக இருக்கட்டும். கறக்கத் தெரியாவிட்டால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள், மாடு புதுக் கைக்கு இணங்கச் சில நாட்கள் ஆகும். மகனிடமும் மருமகனிடமும், இரவுச் சமையல் இனி அவர்கள் இருவருடைய பொறுப்பு என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொல்லத் தங்களுக்கு மனம் வராது. இதை மனைவியின் வேண்டுகோளாகச் சொல்லாமல் தங்கள் முடிவாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மேலே கோபிச் சகோதரிக்கு எழுதிய சினைக் கணக்கு. இரண்டு மாடுகளும் ஆகஸ்ட் கடைசியில் சினைப்பட்டால், மே மாதத்தில் இரண்டும் வற்றிய மாடுகளாக நிற்கும். அந்த இரண்டு மாதப் பால் பணம் இல்லாமல் சமாளிக்க முடியுமானால், ஆவணியில் மாடு பருவத்துக்கு வந்து கத்தும் வரை ஊசிக்கு ஆள் சொல்லாமல் இருங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமே என்றால், காலையில் ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போய் வாருங்கள். பேரனையும் கூட அழைத்துக்கொள்ளலாம்.