கிரெனடாவை ஒரே நாளில் காரில் சுற்ற முடியுமா?

நண்பரே, கரீபியன் தீவான கிரெனடாவின் பிரிக்லி விரிகுடாவில் படகை நங்கூரமிட்டுவிட்டு, ஒரு நாள் வாடகைக் காரில் தீவைச் சுற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் தீவின் நீளம் 34 கிலோமீட்டர்தானே என்று தாமதமாகக் கிளம்பாதீர்கள். மலைச்சாலை முழுக்க வளைவு. வேகமே எடுக்க முடியாது.

நம்மூர் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். உள்ளூர் தற்காலிக உரிமம் பற்றி வண்டி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். சாலையோரச் சாக்கடைதான் பெரிய எமன்: ஆழமாக, மூடியில்லாமல் இருக்கும். எதிரே பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய் என் முன்சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. நான்கு பேர் வந்து சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள்.

மேற்குக் கரையோரமாகக் குயாவ் ஊருக்குப் போய் ஜாதிக்காய் பதப்படுத்தும் கூடத்தைப் பாருங்கள். அந்த மணம் சட்டையை விட்டு லேசில் போகாது. அப்புறம் வடக்கே சுற்றி, 1785 முதல் நீர்ச்சக்கரத்தால் கரும்பு பிழியும் ரிவர் ஆன்ட்வான் ரம் ஆலை. ருசி பார்க்கச் சொல்வார்கள். அது 75 சதவீதம் சாராயம், ஓட்டுபவர் தொடவே வேண்டாம். திரும்பும்போது மலை நடுவே கிராண்ட் எட்டாங் எரிமலை ஏரி.

இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள். காலையில் கிளம்பும்போதே டிங்கியை (படகிலிருந்து கரைக்கு வரும் சிறு படகை) சங்கிலியால் பூட்டிவிட்டுப் போங்கள், வெறும் கயிறு போதாது.