பழைய பைத்தானை நீக்கினேன், டெஸ்க்டாப்பும் போய்விட்டது

கேள்வி: என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளம் உள்ளது. நிரல்மொழியான பைத்தானின் 3.12 பதிப்பைத் தனியாக நிறுவிய பின், பழைய 3.10 வீண் என்று கருதி அதை ஆப்ட் (மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி) ரிமூவ் கட்டளையால் நீக்கி, ஆட்டோரிமூவையும் இயக்கினேன். இப்போது கருந்திரையில் உள்நுழைவு வரி மட்டுமே வருகிறது. ஒன்றை நீக்கச் சொன்னால் ஆப்ட் இத்தனையையும் ஏன் நீக்கியது? உபுண்டுவை முதலிலிருந்து நிறுவ வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. உபுண்டுவின் புதுப்பிப்பு மேலாளர் உட்பட அதன் பல உறுப்புகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு வேண்டியது உடன் வந்த 3.10 தானே தவிர, நீங்கள் நிறுவிய 3.12 அன்று. ஒரு தொகுப்பை, அதாவது ஆப்ட் நிறுவும் மென்பொருள் பொதியை, நீக்கும்போது அதைச் சார்ந்தவற்றையும், அவற்றைச் சார்ந்தவற்றையும் ஆப்ட் நீக்கிவிடும். உபுண்டு டெஸ்க்டாப் என்ற தொகுப்போ தன்னளவில் ஒரு நிரலே அன்று, பிற தொகுப்புகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு பட்டியல்தான். அதில் கட்டாயமான ஒன்று போனாலும் அதுவும் போய்விடும். ஆட்டோரிமூவ் இதற்கு எதிர்த்திசையில் செல்வது: வேறொன்றின் தேவைக்காகத் தானாக வந்து, இன்று யாருக்கும் வேண்டாதவையாக நிற்பவற்றை அது நீக்கும். முதல் கட்டளை ஆதரவற்றவையாக விட்டவற்றை இரண்டாவது கட்டளை துடைத்தெடுத்திருக்கிறது.

நல்லவேளையாக ஆப்ட் சி++ மொழியில் எழுதப்பட்டது, ஆகவே அது பிழைத்திருக்கும். கருந்திரையிலேயே உள்நுழைந்து, இணையம் இருந்தால், ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையால் உபுண்டு டெஸ்க்டாப் தொகுப்பை மீண்டும் நிறுவுங்கள். இணையம் எழவில்லையெனில், உபுண்டு உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, வட்டில் உள்ள அமைப்புக்குள் க்ரூட் கட்டளை வழியாக நுழைந்து இதையே செய்யலாம். வேறு எவை போயின என்பதை, வார் கோப்புறையின் லாக் பகுதியில் ஆப்ட் வைத்திருக்கும் ஹிஸ்டரி பதிவேட்டில் ரிமூவ் என்று தொடங்கும் வரி காட்டும். அதைப் பார்த்துத் தேவையானவற்றை மட்டும் நிறுவினால் போதும்.

நீக்குவதற்கு முன் சிமுலேட் விருப்பத்துடன் ஒத்திகை பார்ப்பது நல்லது. எதுவும் அழியாமல் பட்டியல் மட்டும் வரும். உண்மையில், ஒய் அழுத்தச் சொல்லும் முன் ஆப்ட் அதே பட்டியலைத்தான் காட்டுகிறது, நாம்தான் படிப்பதில்லை. ஆட்டோரிமூவ் தொடக்கூடாத தொகுப்பை ஆப்ட்-மார்க் மேனுவல் கட்டளையால் குறித்துவையுங்கள். 3.10-ஐ அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, உங்கள் திட்டங்களுக்கு மட்டும் 3.12-ஐக் கொண்டு வென்வ் சூழலை (கணினியின் பைத்தானிலிருந்து பிரிந்து நிற்கும் தனிச் சூழலை) உருவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கணினியில் சிக்கலின்றி இருக்கும்.