கோழிக் கூடை: பஸ் ஏறும் அடைமுட்டை

அக்கா, வணக்கம். வீட்டில் சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். நாகப்பட்டினத்தில் ஒருவர் அடைக்கு முட்டை கேட்டார் என்று 30 முட்டைகளை பஸ் பார்சலில் அனுப்பினேன். ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் இன்குபேட்டரில் 11தான் பொரித்ததாம். மிச்ச முட்டைக்குப் பணத்தைத் திருப்பித் தா என்கிறார். தப்பு யார்மேல்?
- வாசகர், தேனி

உடையாமல் போனால் நல்லபடியாகப் போனது என்று அர்த்தமில்லை தம்பி. முட்டையின் மொண்ணைப் பக்கத்தில், ஓட்டுக்குக் கீழே இரண்டு சவ்வுக்கு நடுவில் காற்றறை இருக்கும். ராத்திரி முழுக்க பஸ் டிக்கியில் குலுங்கினால் சவ்வு பிய்ந்து அந்தக் காற்று உள்ளே அலைய ஆரம்பித்துவிடும். இருட்டறையில் செல்போன் டார்ச்சை வைத்து முட்டையைச் சாய்த்துப் பாருங்கள், குமிழும் கூடவே நகரும். அந்த முட்டையை வந்த கையோடு மெஷினில் அடுக்கித் திருப்ப ஆரம்பித்தால் பாதி தேறாது. கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, ஒரு நாள் முழுக்க ஆற விட வேண்டும். குமிழ் ரொம்ப ஆடுகிறதென்றால் மெஷினில் வைத்த பிறகும் முதல் இரண்டு நாள் திருப்பக் கூடாது. இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டீர்களா? நான் போடாமல் அனுப்புவதே இல்லை. போனில் சொன்னால் யார் காதில் ஏறுகிறது!

பணம் கொடுப்பதற்கு முன்னால் பொரிக்காத 19 முட்டையையும் உடைத்துப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றுமே ஓடாமல் மஞ்சள் கரு அப்படியே இருந்தால் பெரும்பாலும் கூமுட்டை, உங்கள் சேவலின் கணக்கு. ரத்த வளையம் தெரிந்தால் ஆரம்பத்திலேயே கரு செத்திருக்கிறது: வெயில், குலுக்கல், பழைய முட்டை என எதுவும் காரணமாக இருக்கலாம். முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால் முதலில் அவர் மெஷினின் சூட்டையும் ஈரப்பதத்தையும்தான் கேட்க வேண்டும். கூமுட்டைக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மற்றதற்குக் கொடுக்க ஆரம்பித்தால் கட்டுப்படி ஆகாது.

இனிமேல் அனுப்பும்போது அதே நாள் முட்டையில் நாலைந்தை உங்கள் அடைக்கோழிக்கும் வையுங்கள். 7ஆம் நாள் டார்ச் அடித்தால் சிவப்பு நரம்பு கிளைவிட்டு ஓடுவது தெரியும். உங்கள் முட்டையில் கரு இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பேக்கிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் அட்டை ட்ரே போதாது, அது வளையும். ஒவ்வொரு முட்டையையும் பபிள் ரேப்பில் தனித்தனியாகச் சுற்றி, கூர்முனை கீழே வைத்துச் சின்னப் பெட்டியில் நெருக்கமாக நிறுத்துங்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் நெல் உமியை அமுக்கி நிரப்புங்கள். காதோரம் வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே சத்தமே வரக் கூடாது. ‘முட்டை, ஜாக்கிரதை’ என்று எழுதுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது; லோடு ஏற்றுகிறவர் படித்துக்கொண்டா நிற்பார்? ஒரு கையால் தூக்குகிற அளவில் பெட்டி இருந்தால் பதமாக வைப்பார்கள். பெரிய பெட்டி என்றால் வீசத்தான் செய்வார்கள். ராத்திரி பஸ்ஸாகப் பார்த்துக் கொடுத்து, பஸ் நம்பரை வாங்குகிறவருக்கு அனுப்புங்கள். விடிகாலையில் அவர் ஸ்டாண்டில் நிற்கட்டும். தகரக் கொட்டகையில் மத்தியானம் வரை கிடந்தால் எந்த பேக்கிங்கும் காப்பாற்றாது.

அடைமுட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
- வாசகி, திருப்பத்தூர்

ஒரு வாரம். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். 15 முதல் 18 டிகிரி வரை தோதான சூடு. வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்குப் போய்விடும், வேண்டாம். மண்பானையை ஈர மணலில் பதித்து, அதற்குள் முட்டையை வையுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவி விற்காதீர்கள் கண்ணு. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கிவிடும். அழுக்கானது ஆம்லெட்டுக்கு.

கடக்நாத் முட்டை என்று வாங்கினேன். குஞ்சுகளில் சில மஞ்சளும் பழுப்புமாக வந்திருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், விழுப்புரம்

கடக்நாத் குஞ்சு கருநீலமாகவோ கறுப்பாகவோ, முதுகில் கோடுகளோடு இருக்கும். மஞ்சள் வந்திருந்தால் கலப்புதான். ஆனால் விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லிவிட முடியாது. சேவலை மாற்றினாலும் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூன்று வாரம் விட்டுத்தான் அடைக்கு முட்டை எடுக்க வேண்டும். அடுத்த முறை, “பெட்டைகளைப் பிரித்து எத்தனை நாள் ஆச்சு?” என்று கேளுங்கள். தடுமாறினால் வாங்காதீர்கள்.

கடையில் வாங்கும் நாமக்கல் முட்டையை அடை வைத்தால் பொரிக்குமா அக்கா?
- வாசகர், அரியலூர்

பொரிக்காது. அந்தக் கூண்டுப் பண்ணைகளில் சேவலே கிடையாது.

மே மாதம் முட்டை அனுப்பலாமா?
- வாசகி, வேலூர்

வேலூர் வெயிலை வைத்துக்கொண்டா இந்தக் கேள்வி? 27 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, பாதி வழியில் செத்துப்போகும். அக்னி நட்சத்திரம் முடியும் வரை ஆர்டரை மட்டும் எழுதி வையுங்கள், முன்பணம் வாங்காதீர்கள்.