அதிகக் கால்பந்து வீரர்களைத் தரும் மண் எது? (கேள்வி பதில்)

சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எந்த ஊரிலிருந்து திறமைசாலிகள் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று நோண்டுவது என் பைத்தியம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். முதலிடம் பிரேசிலுக்குத்தானே?

நாடு என்று கேட்டால் ஆமாம். ஐந்து உலகக்கோப்பை வென்றிருக்கிறது. வெளிநாட்டு லீக்குகளுக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளிலும் பல வருடங்களாக முன்னால் நிற்பது அதுதான். ஆனால் அங்கே 20 கோடிக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு வட்டாரத்தைக் காட்டு என்றால் என் விரல் பாரிஸின் புறநகர்களில் போய் நிற்கும். எம்பாப்பே போண்டியில் வளர்ந்தவர். காண்டே சுரேன் என்ற சின்ன கிளப்பில் ஆடியவர். போக்பாவும் பாரிஸின் கிழக்குப் புறநகர்ப் பையன். 2018-ல் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியின் முதுகெலும்பில் மூன்று பேர் இப்படி ஒரே நகரத்தின் விளிம்பிலிருந்து வந்தவர்கள். லே ஜூலிஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. தியரி ஆன்ரி, பாட்ரிஸ் எவ்ரா, ஆந்தனி மார்சியல் மூவருமே அங்கே பந்து உதைத்து வளர்ந்தவர்கள்.

கேள்வி: அந்தப் புறநகர்களில் ஏழ்மை அதிகம். வெறிதான் வீரனை உருவாக்குகிறது என்று சொல்லலாமா?

சொல்ல மாட்டேன். ஏழ்மை மட்டும் போதும் என்றால் உலகத்தில் பாதி ஊர்கள் எம்பாப்பேக்களால் நிரம்பியிருக்க வேண்டும். அங்கே நாலைந்து விஷயங்கள் ஒன்றாகக் கூடி வந்திருக்கின்றன. அடுக்குமாடிகளுக்குக் கீழேயே கம்பி வலை போட்ட சிமெண்ட் மைதானம் இருக்கும். பந்து வெளியே போகாது, வலையில் பட்டுத் திரும்பி வந்துவிடும். அதனால் ஆட்டம் நிற்பதே இல்லை. பத்து வயதுப் பையன் பதினாறு வயது அண்ணன்களோடு ஆடுவான். அவர்கள் தோளால் இடித்தால் விழுவது சிமெண்ட் தரையில், அதனால் இடி வருவதற்கு முன்பே உடம்பைத் திருப்பப் பழகிவிடுவான். அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அப்புறம், நடந்து போகும் தூரத்திலேயே ஊராட்சி உதவியில் ஓடும் கிளப், அதில் முறையாகப் படித்த பயிற்சியாளர். அதற்கு மேலே பிரான்ஸ் கால்பந்துக் கூட்டமைப்பு 1988-ல் திறந்த கிளேர்ஃபோன்தேன் அகாடமி. 13 வயதில் எடுத்து, வார நாட்களில் அங்கே தங்க வைத்துப் பயிற்சி கொடுத்து, வார இறுதியில் சொந்த கிளப்புக்கே ஆட அனுப்பிவிடுவார்கள். ஆன்ரி, அனெல்கா, எம்பாப்பே எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள். ஏணியில் ஒரு படி உடைந்திருந்தாலும் பையன் பாதியில் நின்றுவிடுவான்.

கேள்வி: மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால்?

உருகுவே, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சுமார் 35 லட்சம் பேர், இரண்டு உலகக்கோப்பை: 1930, 1950. எனக்குப் பிடித்த தகவல் ஒன்று: லூயிஸ் சுவாரெஸ் பிறந்தது 1987 ஜனவரி 24, எடின்சன் கவானி பிறந்தது அதே வருடம் பிப்ரவரி 14. இருவரும் பிறந்தது சால்டோ என்ற ஒரே ஊரில்! மூன்று வாரத்தில் ஒரு ஊர் இரண்டு உலகத்தர ஸ்ட்ரைக்கர்களைத் தந்திருக்கிறது. தற்செயல் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நாட்டில் 'பேபி ஃபுட்போல்' என்று சிறுவர்களுக்கான லீக் மூலை முடுக்கெல்லாம் நடக்கிறது. பள்ளிக்குப் போகும் வயதிலேயே வாராவாரம் சின்ன மைதானத்தில் ஆட்டம், ஓரத்தில் கத்தும் சொந்தபந்தம். தற்செயல் நடப்பதற்கு அங்கே வாய்ப்பு ஏராளம்.

குரோஷியாவும் அப்படித்தான். 40 லட்சம்கூட இல்லாத நாடு, 2018-ல் இறுதிப்போட்டி, 2022-ல் மூன்றாம் இடம்.

கேள்வி: அப்படியானால் 140 கோடிப் பேர் உள்ள சீனா?

ஆண்கள் உலகக்கோப்பைக்கு வந்தது ஒரே தடவை, 2002-ல். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. தலைகளை எண்ணிப் பயனில்லை, பந்தோடு இருக்கும் கால்களை எண்ண வேண்டும்.

கேள்வி: ஆப்பிரிக்க வீரர்களுக்கு வேகமும் பலமும் ரத்தத்திலேயே உண்டு, இல்லையா அண்ணா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை தம்பி. ஐவரி கோஸ்ட்டை எடுத்துக்கொள். 1994-ல் அபிஜானில், ஏசெக் மிமோசா கிளப்போடு சேர்ந்து ஜான்-மார்க் கீயூ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு அகாடமி தொடங்கினார். பையன்கள் வெறுங்காலில் பயிற்சி செய்வார்கள். பந்தைத் தொடும் பதம் பாதத்துக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கோலோ டூரே, யாயா டூரே, சொகோரா, எபூவே, கலூ, ஜெர்வின்ஹோ எல்லாரும் அந்த ஒரே வாசலிலிருந்து வந்தார்கள். நாடு முதல் தடவையாக உலகக்கோப்பைக்கு வந்தது 2006-ல். ரத்தம் முன்பும் அதேதான். புதிதாக வந்தது அந்த அகாடமி. இன்னொன்று, யாயா டூரேயின் பாஸைப் பார்த்துவிட்டு 'பலம்' என்று மட்டும் சொல்கிறவர் ஆட்டத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

செனகலில் ஜெனரேஷன் ஃபுட் அகாடமியும் இதே கதை. சாடியோ மானே அங்கிருந்துதான் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்புக்குப் போனார்.

கேள்வி: பிறந்த ஊரைக் கணக்கில் எடுப்பதா, ஆடும் நாட்டையா?

வளர்ந்த ஊரை. 2022 உலகக்கோப்பையில் அரையிறுதிக்கு வந்த மொராக்கோ அணியில் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஹக்கிமி மாட்ரிட்டில், ஜியெக் நெதர்லாந்தில். சட்டை மொராக்கோவுடையது, பத்து வயதுப் பழக்கம் வேறு நாட்டுடையது.

கேள்வி: ஃபுட்சால் ஆடினால் நல்லதா?

நல்லது. அது அணிக்கு ஐந்து பேர் உள்ளரங்கில் ஆடும் கால்பந்து. பந்து சின்னது, அதிகம் எகிறாது. ஆள் குறைவு, இடம் அதைவிடக் குறைவு. ஒரு பையனுக்குப் பெரிய மைதானத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு தடவை பந்து காலுக்கு வரும். ரொனால்டினோ, நெய்மர் இருவரும் அதில் ஊறியவர்கள். நெய்மர் உள்ளங்காலால் பந்தை இழுப்பதைக் கவனியுங்கள், அது ஃபுட்சால் தரையின் பழக்கம்.

கேள்வி: பெண்கள் கால்பந்தில் வரைபடம் மாறுமா?

நிறையவே மாறும். அமெரிக்கா நான்கு உலகக்கோப்பை வென்றதற்குப் பின்னால் 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம் இருக்கிறது. பள்ளி, கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச் சொன்ன சட்டம் அது. மற்ற நாடுகள் யோசித்துக்கொண்டிருந்தபோது அங்கே சிறுமிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் விழித்துக்கொண்டன. 2023-ல் கோப்பை ஸ்பெயினுக்குப் போனது.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, நவம்பரில் பிறந்தவன். சின்ன உருவம் என்று தேர்வில் கழித்துவிட்டார்கள். நல்ல அகாடமி உள்ள ஊருக்குக் குடிபோகலாமா என்று யோசிக்கிறேன்.

அவசரப்படாதீர்கள். வயதுக் கணக்கு ஜனவரியில் தொடங்கும் இடங்களில், நவம்பர்ப் பிள்ளை தன்னைவிடப் பத்து மாதம் மூத்தவனோடு மோதுகிறான். அந்த வயதில் பத்து மாத வித்தியாசம் உயரத்திலும் பலத்திலும் நன்றாகவே தெரியும். உலகம் முழுக்கச் சிறுவர் அகாடமிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பதற்கு இதுதான் காரணம். நானும் ஆரம்பத்தில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வளர்ந்தவனைத் திறமைசாலி என்று நினைத்து எடுத்தேன். குரோஷியாவின் லூகா மோட்ரிச்சையும் சின்னப் பையன் என்று ஒரு பெரிய கிளப் வேண்டாம் என்றது. 2018-ல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருது அவர் கையில் இருந்தது.

ஊரை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கிளப் பயிற்சி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல், போன வாரம் அவன் தானாக எத்தனை மணி நேரம் பந்தோடு இருந்தான், யாரோடு ஆடினான் என்று எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.